கடைக்கோடி ஸ்பீக்கர்

ஒரே கடையில் இரண்டு ஸ்பீக்கர் வாங்கி, இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்றாவதற்கும் அதே கடைக்குள் நுழைவதென்றால் அதற்குத் தனியாக ஒரு துணிச்சல் வேண்டும். காதுக்காரருக்கு அது தாராளமாகவே இருந்தது. அவர் முன்னால் நடந்தார். தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனது அவர் மனைவிதான்.

காதுக்காரர் என்பது அவருடைய பட்டப்பெயர். முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் மற்றவர்கள் மீட்டரும் கருவியுமாகத் தூக்கிக்கொண்டு அலைவார்கள்; இவர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரோடு போவார். நுனியை மெஷின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடுவார். அரை நிமிடம்தான். "இடது பக்க பேரிங் போகப் போகுது, மாத்திடுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். நேற்று வந்த எஞ்சினியர்கூட இவர் தலையசைக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு புளூடூத் ஸ்பீக்கர் தேடினால், லேசில் விடுவாரா?

முதல் ஸ்பீக்கரைப் பற்றி, "பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு" என்றார். இரண்டாவதைப் பற்றி, "பாடுறவன் போர்வைக்குள்ள உக்காந்து பாடுறான்" என்றார். பழைய பாட்டுகளில் தாளத்தோடு சேர்ந்து சிணுங்கும் அந்தச் சின்னச் சலங்கைச் சத்தம் எங்கே போயிற்று என்று கேட்டார். அவளுக்கு இரண்டிலும் சலங்கை கேட்டது. ஆனால் காதுக்காரரிடம் போய் எனக்குக் கேட்கிறது என்று சொல்ல அவள் யார்? கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டிவிடுகிறவள். கண் விஷயம் என்றால் வாயைத் திறக்கலாம். காது விஷயத்தில் அந்த வீட்டில் ஒரே ஒரு நீதிபதிதான்.

"சார், இன்னைக்கு எல்லாத்தையும் போட்டுக் காட்டிடறேன். நீங்களே கேட்டு எடுங்க. அப்புறம் ரிட்டர்ன் மட்டும் வேண்டாம் சார், மேனேஜர் என்னைத் திட்டறாரு" என்றாள் விற்பனைப் பெண். கொண்டையில் பேனாவைச் செருகியிருந்தாள். முகத்தில் சிரிப்பும் களைப்பும் சம அளவில் இருந்தன.

"நல்லதா குடுத்தா நான் ஏம்மா திருப்பித் தரப்போறேன்?"

அலமாரித் தட்டில் ஆறு ஸ்பீக்கர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. காதுக்காரர் ஒவ்வொன்றின் முன்னாலும் கண்ணை மூடி நின்றார். டிவி வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஐந்து முடிந்தது. ஐந்துக்கும் உதட்டைப் பிதுக்கினார். கடைக்கோடியில் இருந்த ஆறாவதில் பாட்டு ஆரம்பித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதான். இதான் ஸ்பீக்கர்! எவ்வளவு கனமா, நிறைவா இருக்கு பாரு. மத்ததெல்லாம் வெறும் டப்பா."

கூட்டத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மனைவிக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. அந்த ஸ்பீக்கரில் பாட்டு மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஓடுவதுபோல மந்தமாக இருந்தது. சலங்கை மருந்துக்குக்கூட இல்லை.

விற்பனைப் பெண் அவள் முழங்கையைத் தொட்டுக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. அது கெட்டுப்போன பீஸ். சலங்கை மாதிரி மேல் சத்தம் வர்ற யூனிட்டு எரிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. கம்பெனிக்கு அனுப்பணும்னு ஓரமா வச்சிருந்தோம், தெரியாம இன்னைக்கு வரிசையில வந்துடுச்சு. யார் கேட்டாலும் பத்து செகண்டுல கண்டுபிடிச்சுடுவாங்க." அவள் தயங்கினாள். "சார் காதை எப்பவாச்சும் காட்டியிருக்கீங்களா?"

"அவர் காதையா?" என்று கேட்டவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் தன் செல்போனை எடுத்து, நல்ல ஸ்பீக்கர் ஒன்றோடு இணைத்தாள். "சார், ஒரு டெஸ்ட் சத்தம் போடறேன். கேட்டதும் கையைத் தூக்குங்க."

சத்தம் வந்தது. ஊசியைக் காதுக்குள் விட்டதுபோல மெலிந்து, கூர்மையாக, பல் கூசும்படி வந்தது. டிவிப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் காதைப் பொத்திக்கொண்டு, "எதுக்கு இந்தக் கண்றாவி?" என்றாள். காதுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் அதே மலர்ச்சியோடு நின்றார். ஐந்து விநாடி. பத்து விநாடி. கடையே அவரைப் பார்த்தது.

"போடும்மா," என்றார். "இன்னும் ஆரம்பிக்கலையா?"

பெண் சத்தத்தை நிறுத்தினாள். "இல்ல சார், ஏதோ கனெக்ஷன் சரியில்ல" என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண். அதே மாடலில் புது டப்பா ஒன்றை எடுத்து வந்து பில் போட்டாள். அவருக்கு எரிந்துபோனதும் புதியதும் ஒன்றுதான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது.

மனைவிக்கு முதலில் வந்தது அழுகை. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எழுத்துப் பலகையைப் பார்த்துவிட்டு, "உங்க போர்டு மங்கலா இருக்கே, நல்லா பிரிண்ட் போட மாட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். யாரும் என் கண் மங்கல் என்று சொல்லிக்கொண்டு வந்ததில்லை. பன்னிரண்டு வருடமாகத் தினமும் இந்தக் கூத்தைப் பார்க்கிறவள், வீட்டில் ஒருவர் இரண்டு ஸ்பீக்கரைத் திட்டியபோது கோட்டை விட்டுவிட்டாள். ஸ்பீக்கர் மட்டுமா? ஆறு வருடம் முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது, பீப் சத்தமே வரவில்லை என்று இரண்டு டிஜிட்டல் தெர்மாமீட்டர்களை அவர் கடையில் மாற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவதைக் குப்பையில் போட்டார். அது அவள் கைக்குள் தெளிவாகப் பீப் என்றது. காய்ச்சல் மயக்கம் என்று நினைத்துக்கொண்டு அப்போதும் சும்மா இருந்துவிட்டாள்.

பில்லை மடித்துக் கைப்பையில் வைக்கும்போதுதான் லிஃப்ட் ஞாபகம் வந்தது.

அவர்கள் குடியிருந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டும் காதுக்காரரின் பொறுப்புதான். மூன்று வாரம் முன்பு அதில் ஒரு விசில் சத்தம் வர ஆரம்பித்தது. கொசு பாடுவதுபோல மெல்லியது, ஆனால் லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் விடாமல் கூடவே வந்தது. அவள் சொன்னாள். ஏழாவது மாடியில் இருக்கும் அவருடைய அக்காவும், "டேய், உன் லிஃப்ட்டு என்னைப் பார்த்து விசிலடிக்குதுடா, இந்த வயசுல" என்று கிண்டலடித்தாள். அவர் போன திங்கட்கிழமை மொட்டை மாடிக்கு மேலிருக்கும் மெஷின் அறைக்குப் போய், லிஃப்ட் கயிறு ஓடும் பெரிய சக்கரத்தின் பேரிங்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

"வெண்ணெய் மாதிரி ஓடுது. உங்க ரெண்டு பேர் காதையும்தான் பார்க்கணும்."

லிஃப்ட்டுக்குள் மாட்டியிருக்கும் அட்டையில், சத்தம் என்ற இடத்துக்கு நேராகச் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு கட்டடமே வாயை மூடிக்கொண்டது. அவளும்தான். தன் காதில் விழுந்ததைவிட அவர் காதில் விழாததை நம்பினாள்.

கல்யாணமான புதிதில் அவரே அவளுக்கு ஒன்று சொல்லியிருந்தார். "விசிலடிக்கிற பேரிங் கெஞ்சுதுன்னு அர்த்தம். எண்ணெய் குடு, இல்ல என்னை மாத்துன்னு கெஞ்சுது. திடீர்னு கெஞ்சறதை நிறுத்திடுச்சுன்னா அப்பத்தான் பயப்படணும். அதுக்கப்புறம் அது யார்கிட்டயும் எதுவும் கேக்காது." அன்றைக்கு அதை ஏதோ பெரிய தத்துவம்போல ரசித்திருந்தாள்.

கடை வாசலில் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று தடவை. அக்கா போனைப் படுக்கையறையில் போட்டுவிட்டு டிவி பார்க்கிற ரகம். முட்டி தேய்ந்தவள், படி இறங்க முடியாது. தினமும் ஐந்து மணிக்குக் கைத்தடியோடு லிஃப்ட்டில் இறங்கி, கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசாமல் இருக்க மாட்டாள். மணி நாலு இருபது.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவர். மடியில் ஸ்பீக்கர் டப்பா.

"என்னங்க, நம்ம லிஃப்ட்டை இன்னொரு தடவை பார்க்கலாமா? கூட யாரையாவது வச்சுக்கிட்டு?"

"யாரையாவதுன்னா?"

"உங்க கம்பெனி ஆள் யாராச்சும். இன்னொரு காது."

அவர் திரும்பினார். "என்ன சொல்ல வர்றே? மென்னு முழுங்காம சொல்லு."

சொன்னாள். கடையில் அந்தப் பெண் போட்ட சத்தம் வந்ததையும், கடை முழுக்கக் கேட்டதையும், அவர் பாராட்டிய ஸ்பீக்கர் எரிந்துபோனது என்பதையும். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விடவில்லை. அவர் முகம் கறுத்தது.

"அந்தப் பொண்ணு சரக்கை விக்கிறதுக்கு ஆயிரம் கதை சொல்லுவா. முப்பது வருஷம் இந்தக் காதை வச்சுச் சோறு தின்னிருக்கேன். நீ என்கிட்ட வந்து..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கண்ணாடிக் கடையில் என்றால் அவள், "இந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்க, போர்டு சரியாயிடும்" என்று சொல்லி ஒரு லென்ஸை மாட்டிவிட்டிருப்பாள். இங்கே மாட்டிவிட அவள் கையில் ஒன்றும் இல்லை. பஸ் ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. டிரைவரை, சிவப்பு விளக்கை, ஏறி இறங்குகிற ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டினாள். அக்காவுக்கு இன்னும் இரண்டு தடவை போன் செய்தாள்.

கட்டடத்துக்குள் நுழைந்தபோது ஐந்து அடித்து மூன்று நிமிடம். கீழ்த்தளத்தில் யாரும் இல்லை. பெஞ்ச் காலியாக இருந்தது. லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பு எண் ஏழில் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஆறாக மாறியது.

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். மூன்று வாரமாக அந்த லிஃப்ட் நகரும்போதெல்லாம் கேட்ட விசில் இல்லை. காலையில் வேலைக்குப் போகும்போது இருந்தது. இப்போது சுத்தமாக இல்லை.

"விசில் நின்னுடுச்சுங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"என்ன விசில்?"

"நான் சொன்னேனே, அக்கா சொன்னாங்களே, அந்த விசில். மூணு வாரமா நிக்காம கேட்டுது. இப்ப இல்ல."

காதுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடமாகப் பார்த்த முகம். அதில் என்ன படித்தாரோ, டப்பா கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. "மூணு வாரமா?" என்றார். "நிக்காமலா?"

சுவரிலிருந்த மெயின் சுவிட்ச் பெட்டியை நோக்கி ஓடினார். சாவியைப் போட்டுத் திறந்தார். கைப்பிடியில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க! ஏன் நிக்கிறீங்க?"

"இப்ப நிறுத்தினா பிரேக் டக்குனு பிடிக்கும். அந்தக் குலுக்கல்ல சக்கரத்தோட தண்டே முறியலாம். தானா வந்து நிக்கட்டும்." அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "என்ன கேக்குது? சொல்லு. எது கேட்டாலும் சொல்லு."

முப்பது வருடத்தில் அவர் யாரிடமும் கேட்காத கேள்வி அது. அவள் லிஃப்ட் கதவில் காதை வைத்தாள்.

ஐந்து.

"ஒண்ணும் கேக்கல."

நாலு.

"இருங்க. ஏதோ நறநறங்குது. மேலே, ரொம்ப மேலே."

மூன்று. அந்த எண் மாறுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்ததா, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. பிறகு கட்டடத்தின் உச்சியிலிருந்து கருங்கல்லை உருட்டுவதுபோல ஒரு உறுமல் இறங்கி வந்தது. அதைக் கேட்க அவள் தேவைப்படவில்லை. அவருக்கே கேட்டது. அந்தக் காதுகளுக்குக் கடைசிச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அக்கா," என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

இரண்டு. ஒன்று. பூஜ்யம். லிஃப்ட் தரையைத் தாண்டி ஒரு சாண் கீழே தணிந்து நின்றது. கதவு பாதி திறந்து மாட்டிக்கொண்டது. அவள் இரண்டு கையாலும் கதவை இழுத்துப் பிடிக்க, அவர் அக்காவைக் குழந்தையைத் தூக்குவதுபோல அள்ளி வெளியே வைத்துவிட்டு, ஓடிப்போய்ச் சுவிட்சை இறக்கினார். லிஃப்ட்டுக்குள் விளக்கு அணைந்தது.

"விடுடா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது!" என்றாள் அக்கா. கைத்தடியை ஊன்றி நின்று இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? என் தம்பி கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டு, எனக்கென்ன பயம்? இன்னைக்குத்தான் விசிலே இல்லாம நல்லா வந்துது."

மனைவிக்கு அக்காவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. "உக்காருங்க அண்ணி" என்று மட்டும் சொல்லி பெஞ்சில் உட்காரவைத்தாள்.

அவர் ஒன்பது மாடியும் படியேறிப் போனார். அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுத்த கிரீஸ், அதற்குள் மினுமினுவென்று இரும்புத் தூள். பெரிய சக்கரத்தின் பேரிங் தேய்ந்து உதிர்ந்த மிச்சம். கண்ணுள்ள யாரும் திங்கட்கிழமையே பார்த்திருக்கலாம். அவர் பேரிங்கின் மூடியைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டிய அவசியம் அவருக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

"நல்லவேளை," என்றாள் அவள். "அக்கா தப்பிச்சாங்க. அது போதும்."

"போதாது."

தோள்பையிலிருந்து அவர் வேலை நோட்டை எடுத்தார். கீழே கிடந்த ஸ்பீக்கர் டப்பாவை நிமிர்த்தி, அதன்மேல் நோட்டை விரித்தார். இந்த மாதம் அவர் பார்த்த லிஃப்ட்டுகளின் வரிசை. பிரசவ ஆஸ்பத்திரி, இரண்டு. முதியோர் இல்லம். ஜவுளிக்கடை. பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடம். பக்கம் முழுக்க. ஒவ்வொன்றுக்கும் நேராக அவருடைய நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது: சத்தம் சரி.

"நம்ம லிஃப்ட் ஒண்ணைத்தான் நீ கேட்டே," என்றார். "மத்ததை நான் மட்டும்தான் கேட்டேன்."

சூப்பர்வைசருக்குப் போன் செய்தார். கையெல்லாம் கிரீஸ் என்பதால் போனை அதன் ஸ்பீக்கரில் போட்டு டப்பாமேல் வைத்தார். தன் பட்டியலில் உள்ள அத்தனை லிஃப்ட்டையும் இப்போதே நிறுத்தச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"அண்ணே, சனிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி லிஃப்ட்டை நிறுத்தினா என்னைத் தொங்கவிட்டுடுவாங்க. எதுக்குண்ணே நிறுத்தணும்? எல்லாத்தையும் நீங்கதானே கேட்டீங்க? மத்தவன் கேட்டிருந்தா நானே பயந்திருப்பேன். நீங்க சரின்னா சரிதாண்ணே."

காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைக்கும்போது மூடுவாரே, அதே மாதிரி.

"எனக்குக் காது கேக்கலைப்பா," என்றார்.

"என்னண்ணே? மெதுவா பேசறீங்க. சரியா கேக்கல."

வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். எட்டாவது மாடிக்காரர், பையோடு மூன்றாவது மாடி டீச்சர். லிஃப்ட் இருட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு, காதுக்காரரே வந்துவிட்டாரே என்ற நிம்மதியோடு நின்றார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்கலை. நான் சரின்னு எழுதின எதுவும் சரின்னு எனக்குத் தெரியாது. நிறுத்துங்க எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் இப்போது சிரிப்பில்லாத குரல் கேட்டது.

"எத்தனை நாளாண்ணே?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் குனிந்து போனருகே வாயைக் கொண்டுபோனாள். குப்பைக் கூடையில் கிடந்த அந்தத் தெர்மாமீட்டர் அவள் கண்ணுக்குள் இருந்தது.

"ஆறு வருஷமா இருக்கும்" என்றாள்.